கேதாரத்துக்கு எட்டு நிமிடம்

(திருப்பூரில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருப்பூர்க்காரர்களுக்கு ஹெலிகாப்டர் புதிதல்ல. பல்லடம் தாண்டிக் கோவைப் பக்கம் போனால் சூலூர் விமானப்படைத் தளம். வானத்தில் வித்தை காட்டும் விமானப்படையின் ‘சாரங்’ குழுவுக்கு அதுதான் இருப்பிடம். மொட்டை மாடியில் நின்று அவை வரிசையாகப் போவதைப் பார்த்தவர்கள் இந்த அரங்கத்திலேயே நிறையப் பேர் இருப்பீர்கள். பனிமலைக்கு மேல் ஹெலிகாப்டரில் போய் வருவதைப் பற்றிப் பேச வேண்டும் என்று நண்பர்கள் கேட்டபோது, இமயமலைக்குப் போவதற்கு முன் சூலூரிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

2021 டிசம்பர் 8. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவருடைய துணைவியார், அதிகாரிகள், விமானப் பணியாளர்கள் என்று 14 பேருடன் ஒரு எம்ஐ-17வி5 ஹெலிகாப்டர் காலை 11.48 மணிக்குச் சூலூரிலிருந்து கிளம்பியது. வெலிங்டனில் 12.15-க்கு இறங்க வேண்டும். 12.08 மணி அளவில் தொடர்பு அறுந்தது. குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து எரிந்தது. அந்தக் குடியிருப்பு மக்கள்தான் வீட்டிலிருந்த கம்பளிகளையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு முதலில் ஓடினார்கள். 13 பேர் அன்றே போய்விட்டார்கள். குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் போராடி டிசம்பர் 15 அன்று உயிர்விட்டார்.

முப்படை விசாரணையின் முதற்கட்ட முடிவு அடுத்த மாதம் வெளிவந்தது. இயந்திரக் கோளாறு இல்லை, சதிவேலை இல்லை, அலட்சியமும் இல்லை. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியது. ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது. எது மேல், எது கீழ், மலை எந்தப் பக்கம் என்ற உணர்வு விமானிக்குத் தப்பியது. நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் மலையில் மோதியது. இதுதான் அந்த முடிவின் சாரம்.

நாம் ஊட்டிக்கு எத்தனை முறை போயிருப்போம்! மேட்டுப்பாளையத்தில் வெயில் கொளுத்தும், பர்லியாறு தாண்டினால் பஞ்சுப்பொதி போல மேகம் ரோட்டை மறைக்கும். காரின் விளக்கைப் போட்டு, ஓரமாக நிறுத்தி, டீ குடித்துவிட்டுப் போவோம். வானத்தில் ஓரமாக நிறுத்த முடியாது. விமானப்படையின் தேர்ந்த விமானிகள், இரட்டை எஞ்சின் கொண்ட பெரிய ஹெலிகாப்டர், சூலூரிலிருந்து வெலிங்டன் என்கிற பழகிய வழி. நம் நீலகிரியிலேயே இது நடந்தது என்றால், இமயமலையில் ஒற்றை எஞ்சின், ஒற்றை விமானி, ஆறு பயணிகள் என்று பறக்கும்போது மலையின் சொல்லுக்கு எவ்வளவு செவிகொடுக்க வேண்டும்? இன்று நான் சொல்ல வந்தது இதைத்தான். பனிமலையைப் பறந்து பாருங்கள், தப்பே இல்லை. ஆனால் மலையின் நேரத்துக்கு நாம் போக வேண்டும். நம்முடைய நேரத்துக்கு மலையை இழுக்கக் கூடாது.

சுவிட்சர்லாந்திலும் நியூசிலாந்திலும் பனியாறுகளுக்கு மேல் ஹெலிகாப்டரில் சுற்றிக் காட்டுகிறார்கள். நேபாளத்தில் எவரெஸ்டைச் சுற்றிக் காட்டுகிறார்கள். ஏற்றுமதித் தொழிலில் இருப்பவர்கள் சிலர் வியாபாரத்துக்குப் போன இடத்தில் அந்த அனுபவத்தையும் பெற்று வந்திருப்பீர்கள். ஆனால் நம் ஊரிலிருந்து பெருவாரியான மக்கள் ஹெலிகாப்டரில் ஏறிப் பனிமலையைப் பார்ப்பது கேதார்நாத்தில்தான். கோவையில் விமானம் ஏறி டெல்லி, அங்கிருந்து ஹரித்துவார், ருத்ரபிரயாகை, குப்தகாசி. டெய்லரும் போகிறார், கம்பெனி முதலாளியும் போகிறார். அதனால் கேதாரத்தைப் பற்றியே அதிகம் பேசுகிறேன்.

கேதாரம் நமக்கு அந்நியமான ஊர் அல்ல. தேவாரம் பாடிய வடநாட்டுத் தலங்களில் அதுவும் ஒன்று. சம்பந்தரும் சுந்தரரும் பாடியிருக்கிறார்கள். இருவருமே அங்கே போகவில்லை. காளத்தியில் இருந்தபடியே வடக்குத் தலங்களைப் பாடினார்கள் என்கிறது பெரியபுராணம். அப்பர் அப்படி நிற்கவில்லை. கயிலையைக் கண்ணால் பார்த்தே தீருவேன் என்று நடந்தார். பாதம் தேய்ந்தது, தவழ்ந்தார், கை தேய்ந்தது, மார்பால் ஊர்ந்தார், கடைசியில் உருண்டார். இதோ பக்கத்தில், நம் அவிநாசியில், முதலை விழுங்கிய பிள்ளையை மீட்டுத் தந்த சுந்தரர், அதன் பிறகு திருவஞ்சைக்களத்திலிருந்து வெள்ளை யானை மேல் ஏறி வான்வழியாகவே கயிலைக்குப் போனார். இருந்த இடத்திலிருந்து பாடியவரையும், உடம்பு தேய நடந்தவரையும், வானத்தில் போனவரையும் ஒரே கோயிலில் ஒரே வரிசையில் வைத்துக் கும்பிடுகிறோம். ஆகவே, ஹெலிகாப்டரில் போனால் புண்ணியம் குறைவு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. கௌரிகுண்டத்திலிருந்து கேதாரத்துக்கு 16 கிலோமீட்டர் ஏற்றம். நாற்பது வருடம் தையல் மெஷின் மிதித்து முழங்கால் போன ஒரு தாய்க்கு அந்த ஏற்றம் ஏற முடியுமா? அவர்களுக்கு இந்த எட்டு, ஒன்பது நிமிடப் பறத்தல் ஒரு வரம்.

குப்தகாசி, பாட்டா, சேர்சி ஆகிய மூன்று இடங்களிலிருந்து ஹெலிகாப்டர்கள் கிளம்புகின்றன. 2023 முதல் டிக்கெட் ஐஆர்சிடிசி நடத்தும் ஹெலியாத்ரா தளத்தில் பதிவாகிறது. அதே பெயரில் போலித் தளங்கள் நிறைய முளைத்து, பணத்தைப் பறிகொடுத்தவர்கள் நாடு முழுவதும் இருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வரும் எண்ணை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள்.

பாட்டா தளத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். அது பெரிய விமான நிலையம் எதுவும் இல்லை. மலைச்சரிவில் வெட்டிய ஒரு மேடை, காற்றின் திசை காட்டும் துணிக்குழாய், தகரக் கூரை போட்ட ஒரு காத்திருப்புக் கூடம், ஒரு எடை மெஷின். ஒவ்வொருவரையும் அதில் ஏற்றி எடையைக் குறிக்கிறார்கள். கைப்பைக்கு 2 கிலோ வரைதான் அனுமதி. 80 கிலோவுக்கு மேலே இருந்தால் கூடுதல் கட்டணம். காங்கயம் பக்கத்திலிருந்து வந்திருந்த ஓர் ஆத்தா எடை மெஷினில் ஏறி நின்றுகொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: “ஏங் கண்ணு, இந்த வயசுல என்னைய எடை போட்டுத்தான் சாமிகிட்ட விடுவாங்களா?”

நியாயமான கேள்வி. அந்த எடைக்குள்தான் முழுப் பயணத்தின் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். மேலே சுழலும் இறக்கைகள் காற்றைக் கீழே தள்ளுவதால்தான் ஹெலிகாப்டர் எழும்புகிறது. தள்ளுவதற்குக் காற்று வேண்டும். திருப்பூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கேதார்நாத் 3,583 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதைவிடச் சுமார் 30 விழுக்காடு குறைவு. இறக்கைக்குப் பிடிமானம் குறைகிறது. எஞ்சினும் அதே மெலிந்த காற்றைத்தான் இழுத்து எரிபொருளை எரிக்க வேண்டும்; அதன் பலமும் குறைகிறது. வெயில் ஏறினால் காற்று இன்னும் மெலியும். ஆகவே காலை 7 மணிக்கு ஆறு பேரைத் தூக்கிய அதே ஹெலிகாப்டர், பகலில் ஐந்து பேரைத்தான் தூக்க முடியும் என்ற நிலை வரலாம். வரிசையில் நிற்கும் ஒருவரை “நீங்கள் அடுத்த முறை வாருங்கள்” என்று சொன்னால், அது அவமதிப்பு இல்லை. கணக்குப் பார்த்துச் சொல்கிறார்கள். உண்மையான எடையை மறைக்காமல் சொல்வதும், பைக்குள் மேலும் மேலும் திணிக்காமல் இருப்பதும் நம் பங்கு.

மெலிந்த காற்றோடு மனிதன் நடத்திய போராட்டத்தில் இந்தியாவுக்கும் ஒரு பெரிய இடம் உண்டு. 1960-களின் கடைசியில் நம் படைகள் இமயமலைக்கு ஏற்ற ஒரு ஹெலிகாப்டரைக் கேட்டன. அந்தத் தேவைக்காகவே பிரான்சில் ‘லாமா’ உருவானது. நம் எச்ஏஎல் நிறுவனம் அதைச் ‘சீட்டா’ என்ற பெயரில் இங்கே தயாரித்தது. 1972 ஜூன் 21 அன்று ழான் புலே என்ற பிரெஞ்சு விமானி ஒரு லாமாவில் 12,442 மீட்டர் உயரம் போனார். எவரெஸ்டைவிட மூன்றரைக் கிலோமீட்டர் மேலே! அந்த உயரத்தில் எஞ்சின் அணைந்துவிட்டது. திரும்பவும் உயிர்பெறவில்லை. கீழிருந்து வரும் காற்றே இறக்கைகளைச் சுழற்ற, எஞ்சின் இல்லாமலே அவர் தரை வரை பத்திரமாக இறங்கினார். சியாச்சினில் 1984-இலிருந்து நம் வீரர்களுக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் மருந்தும் கொண்டுபோன, காயம்பட்டவர்களைக் கீழே இறக்கிய ஹெலிகாப்டர்களில் முதன்மையானது சீட்டா. சில உச்சி முகாம்களுக்கு ஒரு தடவையில் சில பத்து கிலோ மட்டுமே எடுத்துப் போக முடியும். மண்ணெண்ணெய் டின்னையும் வீரனின் உயிரையும் ஒரே தராசில் வைத்துக் கணக்குப் போட்ட விமானிகள் அவர்கள். கேதாரத்தில் பறக்கும் விமானிகள் பலரும் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள்.

சரி, ஏறியாகிவிட்டது. பெரும்பாலும் இறக்கை சுழன்றுகொண்டிருக்கும்போதே ஏற்றுவார்கள். பணியாள் நம் தோளை அழுத்திக் குனிய வைத்து, கையைப் பிடித்து இழுத்துப்போய் உட்கார வைத்து, பெல்ட்டை மாட்டிவிடுவார். தொப்பி, துண்டு, சால்வை எதுவும் பறக்கக் கூடாது. ஒரு சால்வை மேலே போய் இறக்கையில் சிக்கினால் போதும். வாலுக்குப் பக்கம் ஒருபோதும் போகக் கூடாது. அங்கே சுழலும் சின்ன இறக்கை கண்ணுக்கே தெரியாது. வழியனுப்ப வந்தவர்கள் செல்போனைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

தரையைவிட்டு எழும்பியதும் மந்தாகினிப் பள்ளத்தாக்குக் காலடியில் திறக்கிறது. ஓக் மரக்காடு. படிப்படியாக வெட்டிய சின்னச் சின்ன வயல்கள். ஆற்றின் வலப்புறம், இடப்புறம் என்று மாறி மாறி ஏறும் நடைபாதையில் கோவேறு கழுதைகளும் மனிதர்களும் எறும்பு வரிசையாக ஊர்கிறார்கள். நடுவழியில் ராம்பாடா என்று ஓர் ஊர் இருந்தது. யாத்திரைக்காரர்கள் தங்கிச் சாப்பிட்டுப் போகும் ஊர். இப்போது மேலிருந்து பார்த்தால் அங்கே வெறும் பாறையும் மணலும்தான். 2013-இல் வெள்ளம் ஊரையே துடைத்துக்கொண்டு போய்விட்டது. அதைத் தாண்டியதும் ஒரு திருப்பம். எதிரே சுவராக எழுந்து நிற்கிறது கேதார்நாத் சிகரம், 6,940 மீட்டர். வெள்ளை என்றால் நாம் பிளீச் செய்த துணியின் வெள்ளையை நினைப்போம். இந்த வெள்ளை அது இல்லை. காலை வெயில் பட்ட பக்கம் பொன்னாகவும் நிழல் பக்கம் நீலமாகவும், பனி வெடித்த இடங்களில் பச்சை கலந்தும் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆத்தா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார். ஹெட்போன் மாட்டியிருந்ததால் அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை.

பனியாற்றைப் பார்க்கும்போது பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். கோயிலுக்குப் பின்னால், மேலே, சோராபாரி பனியாறு இருக்கிறது. சுமார் 7 கிலோமீட்டர் நீளம். பளபளக்கும் பனிக்கட்டியை எதிர்பார்த்துப் பார்ப்பவர்களுக்குக் கீழ்ப்பகுதியில் தெரிவது சாம்பல் நிறக் கல்குவியல். ‘இது என்னங்க, கல்குவாரியா?’ என்று கேட்பார்கள். அதுதான் பனியாறு. இரு பக்க மலைகளிலிருந்து விழுந்த கல்லும் மண்ணும் மேலே போர்த்தியிருக்க, அடியில் பல மீட்டர் கனத்துக்குப் பனிக்கட்டி மெல்ல மெல்லக் கீழே நகர்ந்துகொண்டிருக்கிறது. கல் கனமாகப் போர்த்திய இடத்தில் வெயில் உள்ளே இறங்காது. பனி மெதுவாக உருகும். லேசாகத் தூசியும் கரியும் படிந்த இடத்தில் வேகமாக உருகும். கறுப்புத் துணி வெயிலை இழுக்கும் என்று சாயப்பட்டறைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சமவெளியில் நாம் எரிக்கும் டீசலின் கரியும், வைக்கோல் புகையும் மேலே போய்ப் படியும்போது பனியிலும் அதே விதி வேலை செய்கிறது.

அந்தப் பனியாற்றின் ஓரத்தில் ஓர் ஏரி இருந்தது. சோராபாரி ஏரி, காந்தியடிகளின் அஸ்தியில் ஒரு பகுதியை 1948-இல் அங்கே கரைத்ததால் காந்தி சரோவர் என்றும் பெயர். பனியாறு காலங்காலமாகத் தள்ளிச் சேர்த்த மண்மேடுதான் அதற்குக் கரை. 2013 ஜூன் 16, 17 இரண்டு நாளும் பெருமழை. 17-ஆம் தேதி காலையில் கரை உடைந்து, ஏரி முழுவதும் சில நிமிடங்களில் வெளியேறி ஊர் மேல் பாய்ந்தது. உருண்டு வந்த ஒரு பெரும்பாறை கோயிலுக்குப் பின்னால் வந்து நின்று வெள்ளத்தை இரண்டாகப் பிரித்ததால் கோயில் தப்பியது. மனிதர்கள் ஆயிரக்கணக்கில் போனார்கள். பாதை இல்லை, பாலம் இல்லை. அன்றைக்கு ஹெலிகாப்டர்கள் இல்லாவிட்டால் மேலே சிக்கியவர்களின் கதி என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. விமானப்படை மட்டும் ஏறத்தாழ இருபதாயிரம் பேரை மீட்டது. அந்தப் பணியிலேயே ஜூன் 25 அன்று ஒரு எம்ஐ-17வி5 கௌரிகுண்டம் அருகே விழுந்து 20 பேர் உயிர்விட்டார்கள். சூலூரில் கிளம்பி நஞ்சப்பசத்திரத்தில் விழுந்ததும் அதே ரகம்தான். கேதாரத்துக்குப் பறப்பவர்கள் சுற்றுலாப் படம் எடுக்கும் அந்த நிமிடத்தில், கீழே தெரியும் அந்தப் பாறைப் படுகைக்கு ஒரு கும்பிடு போட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இப்போது, எனக்கு மனவேதனை தருகிற ஒன்றுக்கு வருகிறேன். 2022 அக்டோபர் 18. நடை சாத்துவதற்குச் சில நாட்களே இருந்தன. கேதாரத்திலிருந்து குப்தகாசிக்குத் திரும்பிய பெல் 407 ஹெலிகாப்டர் ஒன்று கருட் சட்டி அருகே மூடுபனியில் மலைமீது மோதியது. விமானியும் ஆறு பயணிகளும் இறந்தார்கள். அந்த ஆறு பேரில் மூன்று பேர் நம் தமிழ்நாட்டுக்காரர்கள். தரிசனம் முடித்து இறங்கி வந்துகொண்டிருந்தவர்கள். 2025-இல் நிலைமை இன்னும் மோசம். மே 2-ஆம் தேதி நடை திறந்தது. மே 8 அன்று உத்தரகாசி மாவட்டம் கங்நானி அருகே கங்கோத்ரி வழியில் ஒரு ஹெலிகாப்டர் விழுந்து ஆறு பேர் இறந்தார்கள். ஜூன் 7 அன்று ஒன்று நெடுஞ்சாலையிலேயே அவசரமாக இறங்கியது. ஜூன் 15 அதிகாலையில், கேதாரத்திலிருந்து திரும்பிய இன்னொரு பெல் 407 கௌரிகுண்டம் மேலே காட்டில் விழுந்து ஏழு பேரும் இறந்தார்கள். அதில் இரண்டு வயதுகூட நிரம்பாத ஒரு குழந்தையும் இருந்தது. அதன் பிறகுதான் சேவையை இரண்டு நாள் நிறுத்தினார்கள், விதிகளை இறுக்கினார்கள்.

ஒவ்வொரு விபத்துக்கும் தனித்தனிக் காரணம் இருக்கும், அதை விசாரணைதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பள்ளத்தாக்கின் குணம் ஒன்றுதான். விமானிகள் அங்கே கண்ணால் பார்த்தே பறக்கிறார்கள். குறுகலான பள்ளத்தாக்கு, அகலமாக வளைந்து திரும்ப இடமில்லை. வெயில் ஏற ஏறச் சரிவுகள் சூடாகிக் காற்று மேல்நோக்கி ஓடும். அடியில் கிடந்த ஈரம் மேகமாகத் திரண்டு அதே பாதையில் மேலே வரும். கீழே பாட்டாவில் வெயில் அடிக்கும், மேலே கோயிலிலும் வெயில் அடிக்கும், நடுவில் திருப்பத்தில் மட்டும் மேகம் அடைத்துக்கொள்ளும். காத்திருப்புக் கூடத்தில் இருக்கும் நமக்கு அது தெரியாது. “மேலதான் நல்லாருக்குன்னு போன்ல சொல்றாங்களே, ஏன் கிளம்ப மாட்டேங்கிறீங்க?” என்று கவுண்டரில் கை நீட்டிச் சண்டை போடுவோம். நாளைக்கு டேராடூனில் விமானம், நாளை மறுநாள் ஆபீஸ், பணம் கட்டியாயிற்று என்று ஒவ்வொருவரும் ஒரு காரணம் வைத்திருப்போம்.

திருப்பூரில் இந்த அவசரத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நம் ஊரே ஷிப்மென்ட் தேதியில் உயிர் வாழ்கிற ஊர். கப்பல் தேதி தவறினால் சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டும். லாபம் அத்தனையும் அதிலேயே போய்விடும். அதனால் விடிய விடிய செக்கிங் நடக்கும், அயர்னிங் நடக்கும், பேக்கிங் நடக்கும், எப்படியாவது முடித்துவிடுவோம். அந்த ‘எப்படியாவது’தான் ஒரு சின்ன ஊரை உலகத்துக்கே பனியன் அனுப்பும் ஊராக்கியது. அதற்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அந்தச் சொல்லைத் தயவுசெய்து மலைக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். முப்பது பேர் கூடி நின்று ஒரு விமானியை முறைக்கும்போது, நாலு நிறுவனங்கள் பறக்க நீங்கள் மட்டும் ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்கும்போது, அவர் மேல் விழும் பாரம் எடை மெஷினில் தெரியாது. பறக்க மாட்டேன் என்று சொல்கிற விமானிக்கு நன்றி சொல்லுங்கள். அவர் நம் குழந்தைகளுக்காகத்தான் சொல்கிறார்.

இன்னொரு பக்கமும் உண்டு. கேதார்நாத் வனவிலங்குச் சரணாலயத்துக்கு மேல்தான் இந்தப் பறத்தல் எல்லாம். கஸ்தூரி மான் வாழும் காடு அது. 600 மீட்டருக்குக் கீழே பறக்கக் கூடாது என்று நிபுணர்கள் சொல்லியும், தாழப் பறக்கும் புகார் ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. காலில் பலம் இருக்கும் இளைஞர்கள் நடந்தே போகலாம். அந்த 16 கிலோமீட்டரும் ஒரு பாக்கியம். ஹெலிகாப்டர் இருக்கையை முழங்கால் வலிக்காரர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் விட்டுக்கொடுக்கலாம். அப்படி விட்டுக்கொடுத்தால் பறக்கும் தடவைகள் குறையும், மலைக்கும் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும். சோன்பிரயாகையிலிருந்து கேதாரத்துக்கு 12.9 கிலோமீட்டர் ரோப்கார் அமைக்க 2025 மார்ச்சில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்திருக்கிறது. அது வரும்போது வரட்டும்.

பனியாறு உருகினால் திருப்பூருக்கு என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நொய்யல் வெள்ளியங்கிரியில் பிறக்கும் மழையாறு. பனிக்கும் அதற்கும் தொடர்பில்லை, உண்மைதான். ஆனால் பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான் பருத்தி வயல்களுக்குப் பாயும் சட்லஜ், பியாஸ் ஆறுகளில் ஓடுவது இமயத்தின் பனியும் பனிக்கட்டியும் உருகிய நீர். அந்தப் பருத்தியில் ஒரு பங்கு நூலாகி நம் நிட்டிங் மெஷின்களிலும் ஓடியிருக்கும். இந்துகுஷ் இமயமலைப் பகுதியின் பனியாறுகள் 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டில், அதற்கு முந்தைய பத்தாண்டைவிட 65 விழுக்காடு வேகமாகக் கரைந்தன என்று காத்மாண்டுவிலுள்ள இசிமோட் ஆய்வு நிறுவனம் 2023-இல் அறிக்கை தந்தது. கங்கோத்ரிப் பனியாற்றின் வாயான கோமுகம் ஆண்டுக்குச் சராசரியாக 20 மீட்டர் அளவில் பின்வாங்கிக்கொண்டிருக்கிறது. நியூசிலாந்தில் பிரான்ஸ் ஜோசப் பனியாறு இருக்கிறது. முன்பெல்லாம் கீழிருந்து நடந்தே அதன்மேல் ஏறுவார்கள். பனி பின்வாங்கி, வழி ஆபத்தாகி, 2012-க்குப் பிறகு அதன்மேல் கால் வைக்க வேண்டுமானால் ஹெலிகாப்டர்தான் என்றாகிவிட்டது. உருகுவதால் எட்டாமல் போன பனியைப் பார்க்க, அதை உருக்கும் எரிபொருளையே எரித்துக்கொண்டு போகிறோம். இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

உங்கள் தொழிலுக்கு நெருக்கமான ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். சுவிட்சர்லாந்தில் ஃபுர்கா கணவாய்க்குப் பக்கத்தில் ரோன் பனியாறு இருக்கிறது. ரோன் நதி பிறக்கும் இடம். அங்கே பனிக்குள் குடைந்த ஒரு குகையை 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே மக்களுக்குக் காட்டி வருகிறார்கள். அந்தக் குகை உருகாமல் இருக்க, ஒவ்வொரு கோடையிலும் பனியாற்றின் மேல் வெள்ளைத் துணி போர்த்துகிறார்கள். நெய்த துணி இல்லை; செயற்கை இழையை அழுத்திச் செய்த கனத்த விரிப்பு. வெயிலைத் திருப்பி அனுப்பி உருகுவதைப் பாதிக்கும் மேல் குறைக்கிறது. ஆனால் அந்தத் துணியால் மூட முடிந்தது சின்ன இடம்தான். 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிட்சர்லாந்து தன் பனியாறுகளில் பத்தில் ஒரு பங்கை இழந்துவிட்டது. அழுக்கேறி, ஓரம் கிழிந்து, பனியின் மேல் கிடக்கும் அந்தத் துணியின் படத்தைப் பார்த்தபோது, ஜவுளி ஊரில் வாழ்கிறவன் என்கிற முறையில் என்னால் அதைக் கடந்து போக முடியவில்லை. நம் ஊர் சாயக்கழிவு விஷயத்தில் 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு முழுமையாக மாறினோம். காலதாமதம்தான், ஆனாலும் மாறிக் காட்டினோம். காற்றாலை மின்சாரத்திலும் நம் தொழிலதிபர்கள் முன்னால் நிற்கிறார்கள். கரியைக் குறைப்பதில் இந்த ஊருக்கு வேண்டிய திறமை இருக்கிறது என்று நான் மனதார நம்புகிறேன்.

கடைசியாக, போக நினைப்பவர்களுக்கு. நம் ஊருக்கு நீண்ட விடுமுறை என்றால் தீபாவளியும் பொங்கலும். கேதாரத்தின் கணக்கு வேறு. தீபாவளி முடிந்து இரண்டு, மூன்று நாளில், வடக்கே பாய் தூஜ் கொண்டாடும் அன்று, நடை சாத்திவிடுவார்கள். போனஸ் வாங்கிக்கொண்டு கிளம்பினால் கதவைத்தான் பார்ப்பீர்கள். பொங்கலுக்குப் பனி மூடிக் கிடக்கும். மே மாதம் பள்ளி விடுமுறையில் போனால் கூட்டம் நெரியும். ஜூலை, ஆகஸ்ட் மழைக்காலம், பறக்கவே கூடாது. பிள்ளைகளின் காலாண்டு விடுமுறையும் ஆயுத பூஜையும் சேரும் செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கம் நல்ல காலம். மழை ஓய்ந்து வானம் துடைத்த மாதிரி இருக்கும். அப்போதும் காலை முதல் நேரத்துக்கு டிக்கெட் எடுங்கள். பயணத் திட்டத்தில் இரண்டு நாள் காலியாக விடச் சொல்லி முகவரிடம் கேளுங்கள். “ஒரே நாள்ல முடிச்சுட்டு வந்துடலாங்க” என்று சொல்பவரிடம் பணம் கட்டாதீர்கள். மேகத்தால் பறக்காவிட்டால் டிக்கெட் பணம் திரும்ப வருமா, அன்று இரவு எங்கே தங்குவது என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மேலே போனதும் மூச்சு வாங்கினால் உட்கார்ந்துவிடுங்கள். 300 மீட்டரில் பழகிய உடம்பு 3,583 மீட்டருக்கு எட்டு நிமிடத்தில் பழகாது. அதற்காகவே குப்தகாசியில் ஓர் இரவு தங்கிப் போவது நல்லது.

பொங்கலுக்குத்தான் லீவு கிடைக்கும் என்கிறவர்கள் ஊக்கிமடத்துக்குப் போகலாம். குளிர்காலம் முழுவதும் கேதாரநாதருக்கு அங்கே ஓங்காரேசுவரர் கோயிலில்தான் பூசை. கோயில் வாசல் வரை கார் போகிறது. டிக்கெட் எடுப்பது, முகவரை விசாரிப்பது பற்றி இன்னும் கேட்க வேண்டியவர்கள் இப்போது கேளுங்கள், எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.